கிரிம்ஸ்பி வரை போன முடி

புதன்கிழமைகளில் ஆறு மாத்திரை.
மஞ்சள், சின்னது, எறும்பு தூக்கிப் போகலாம்.
விழுங்கினால் மறுநாள் முழுக்க
வாயில் ஆணியின் ருசி.

போன குளிர்காலத்தில்
கத்தியின் பிடியை விரல்கள் மூடவில்லை.
சட்டைப் பொத்தானை ஹில்மிர்தான் போட்டுவிடுவான்,
பள்ளிக்கு ஓடும் அவசரத்தில்
ஒன்று மாற்றி ஒன்று.
இப்போது நானே போடுகிறேன்.
விரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு
தலையில் கை வைத்தது மருந்து.

பொலுங்கார்விக் மீன் ஆலையில்
மேசைக்கு அடியில்தான் விளக்கு.
காட் மீனின் துண்டை அதன்மேல் விரித்தால்
சதை கண்ணாடியாகிவிடும்.
உள்ளே சுருண்டு கிடக்கும் புழு
தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.
பதினேழு வருடமாக
இடுக்கியால் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.
அதனால்தான்
குளியலறை பல்பின் கீழ்க் குனிந்து
வகிட்டைப் பார்த்த அன்று
யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
வெளிச்சம் அடிவரை போய்த் திரும்பியது.

டாக்டர் குண்வோர் கணினியைப் பார்த்தபடி சொன்னாள்:
"சிலருக்கு உதிரும். மெலியும்.
மொட்டையாகாது."
ஆறுதல்தான்.
ஆனால் மொட்டை என்றால் ஊருக்குத் தெரியும்,
குரலைத் தாழ்த்துவார்கள்,
கேக் செய்து எடுத்துவருவார்கள்.
மெலிவதற்கு யாரும் அடுப்பு மூட்டுவதில்லை.

ஆலையில் கவலை இல்லை,
நீல வலைத்தொப்பிக்குள்
எல்லாத் தலையும் ஒரே தலை.
வெள்ளிக்கிழமை நீச்சல்குளம்தான்.
இறங்குமுன் உடையில்லாமல் குளிக்க வேண்டும்,
இங்கே அது சட்டம்.
சுவரில் ஒரு மனித உருவம்,
சோப்புப் போட வேண்டிய இடமெல்லாம் சிவப்பு.
முதல் சிவப்பு, தலை.
இவோனா அக்குளைத் தேய்த்தபடி
வாடகை ஏறியதைப் பேசுவாள்.
நான் வடிகாலில் சேர்ந்ததைக்
கால்விரலால் உருட்டி
குதிகாலுக்கு அடியில் ஒளித்துவைப்பேன்.
மார்பையும் வயிற்றுத் தழும்பையும் காட்டுகிறவளுக்கு
இதை மறைக்கத் தோன்றுவது ஏன்?
கேட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை.

அப்புறம் மார்ச்சில்
கிரிம்ஸ்பியிலிருந்து ஒரு புகார்.
மேற்பார்வையாளன் ஸ்டெய்ன்தோர்
காபி இடைவேளையில்
பிளாஸ்டிக் உறை ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.
உள்ளே ஒரு முடி.
முழ நீளம். செம்பட்டை.
நுனியில் மட்டும் பழைய சாயம்.
இருபத்தாறு பேர் காபியை ஆறவிட்டார்கள்.

பெற்றவளுக்குத் தெரியாதா.
"என்னுடையது" என்றேன்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
தொப்பியைக் கழற்றினேன்.
இன்னும் இரண்டு இழை
தோளில் விழுந்தன,
சாட்சி சொல்ல வந்ததுபோல.

ஸ்டெய்ன்தோர் தன் காலணியைப் பார்த்தான்.
பிறகு உறையை. பிறகு, பாவம்,
தன் சொந்த வழுக்கையைத் தடவிக்கொண்டான்.
இவோனாதான்
போலந்து வாடை வீசும் எங்கள் மொழியில்
"ஹல்பெராவுக்கு இரண்டு தொப்பி கொடு.
உன்னுடையது சும்மாதானே இருக்கிறது?" என்றாள்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும், கொஞ்சம் தாமதமாக.

அந்த வெள்ளிக்கிழமை
வடிகாலில் இருந்ததைக் குனிந்து கையால் எடுத்தேன்.
இவோனா பேச்சை நிறுத்தவில்லை,
குப்பைத்தொட்டியை மட்டும்
காலால் என் பக்கம் தள்ளினாள்.

மயிரைக் கட்டி மலையை இழு என்பார்கள்,
வந்தால் மலை, போனால் மயிர்.
சொன்னவனுக்கு அடர்த்தியாக இருந்திருக்கும்.

உறையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.
நான் ரெய்க்யவிக்கைத் தாண்டியதில்லை.
என்னிடமிருந்து போனதில் ஒன்று
தனியாகக் கடல் கடந்து
அந்நியச் சந்தையில் எவனையோ அலறவைத்துத்
திரும்பி வந்து
கரண்டிகளோடு படுத்திருக்கிறது.

இன்று புதன்.
ஹில்மிர் தூங்குகிறான், எழுப்பவில்லை.
புட்டியின் மூடி
முதல் திருகிலேயே திறக்கிறது.