மயிரிழை

"பட்டினம் எறங்கு, பட்டினம் எறங்கு!"
கண்டக்டர் தகரத்தைத் தட்டுகிறார்.
விடியற்காலை ஐந்தே கால்.
கிருஷ்ணகிரியிலிருந்து வந்த முதல் பஸ்
காவேரிப்பட்டினத்தில் என்னையும்
இரண்டு மூட்டை கொத்தமல்லியையும் இறக்கிவிட்டுப் போகிறது.

பெயரில் காவேரி. ஓடுவது தென்பெண்ணை,
அதுவும் ஓடினால்.
பெயரில் பட்டினம். இங்கே கரை தட்டுவதெல்லாம்
மாங்கூழ் டிரம் ஏற்றவரும் நாற்பதடி லாரி.
முப்பத்தாறு வருஷம் உறுத்தாத பெயர்
இன்று செருப்புக்குள் கல்போல.
பதினோரு நாள்
நிஜமான ஒரு துறைமுகத்தில் இருந்துவிட்டு வருகிறேன்.

மைசுரு என்று ஊரின் பெயர்.
"மைசூருக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்?
ஓசூர் போயி பஸ் மாறு" என்றான்
கிரேன் ஓட்டும் முனிரத்தினம்.
பாலிஷ் பட்டறை மொத்தமும் சிரித்தது.
முதலாளி சிரிக்கவில்லை.
ஜெகதேவிப் பக்கம் அறுத்த கறுப்புக் கல்,
ஜப்பானுக்குப் போன இருபத்திரண்டு பெட்டியில்
நான்கில் விரிசல் என்று மெயில் வந்திருந்தது.
"சம்பங்கி, நீ போ.
கல்லைப் பாக்கத் தெரிஞ்சவ நீதான்."

அந்தத் துறைமுகத்தில் யாரும் கத்தவில்லை.
கடல் எங்கள் ரம்பத்தடியில் தேங்கும்
கற்சேற்றின் நிறத்தில் கிடந்தது.
செங்கல் கிடங்குகள். சாம்பல் கப்பல்கள்.
வண்டியே வராத தெருவில்
சிவப்பு விளக்கு பச்சையாகட்டும் என்று
ஒரு பள்ளிக்கூடப் பையன் நின்றான்.
அவனுக்குத் துணையாக நானும் நின்றேன்.

வேலை நாலு நாளில் முடிந்தது.
மூன்று பழுது கப்பலில் வந்தது. ஒன்று நம் தப்பு.
டிக்கெட்டை மாற்றினால் காசு கூட ஆகும்,
இருந்து சுத்திப்பாத்துட்டு வா என்றார் முதலாளி.
வாழ்நாளில் முதல்முறை
செய்ய வேலையில்லாமல் ஒரு ஊரில் நடந்தேன்.

துறைமுகத்துக்குப் பின்னால் குன்று.
குன்று முழுக்கக் கல்லறை.
மூன்றாம் வரிசையில் நம்ம கல்.
கறுப்புக்குள் உப்புத் தூவின மாதிரி வெள்ளிப்புள்ளி,
எந்தக் குவாரி என்றுகூடச் சொல்வேன்.
என் வயதுதான் இருக்கும், ஒருத்தி,
கழுத்தில் ஆபீஸ் அட்டை, கையில் வாளி.
நீளக் காம்புக் கரண்டியால் தண்ணீர் மொண்டு
கல்லின் தலையில் ஊற்றினாள்.

என் முதுகு தானாக வளைந்தது.
பத்து வருஷப் பழக்கம்:
கல்லில் தண்ணீர் விழுந்தால் குனிந்து பார்க்கணும்.
நல்ல கல் ஒரே சீராகக் காயும்.
பழுதுள்ள கல்
கடைசிவரை ஒரு மயிரிழை ஈரத்தை விடாது.

வணங்குகிறேன் என்று நினைத்துவிட்டாள்.
அவளும் குனிந்தாள்.
மரியாதைக்கு நான் மறுபடி. அவள் மறுபடி.
கழுத்து வலித்தது.
பிறகு இரண்டு பேரும் கல் காய்வதைப் பார்த்தோம்.

எழுத்துக்குக் கீழே, இடது ஓரம்,
ஒரு இழை. காயவில்லை.
நான் மூச்சுவிடவில்லை.
அவள் விரல் நேராக அங்கேதான் போனது.
தெரியும்போல. எத்தனை வருஷமாகவோ.
குழந்தையின் தழும்பைத் தடவுகிற மாதிரி
மேலும் கீழும் தடவினாள்.
எனக்குத் தெரிந்த ஒரே சொல் ரிஜெக்ட்.
அதை விழுங்கினேன்.

எந்த ஊர் என்று போனில் கேட்டாள்.
பட்டினம் என்றேன்.
போன் அதைத் துறைமுகம் என்று சொல்லியிருக்க வேண்டும்,
கீழே கடலைக் காட்டி முகம் மலர்ந்தாள்: இதேபோலவா?
ஆமாம் என்று தலையாட்டினேன்.
பொய்தான். திருத்த மனம் வரவில்லை.

பட்டறை கேட் திறந்திருக்கிறது.
முனிரத்தினம் பல்லில் குச்சியோடு வருகிறான்.
"மைசூர்பாக் எங்க?"

நேற்றிரவு அறுத்த பலகை சாய்ந்து நிற்கிறது.
பையை இறக்கிவைத்து
ஒரு குவளை தண்ணீர் ஊற்றுகிறேன்.
"வந்ததும் வராததுமா வேலையா?" என்கிறான்.

கொஞ்சம் இரு.
காயட்டும்.