உடையவர் இறந்தார்

கோட்டையூர் எடைமேடையில் இன்று ஏறிய முதல் வண்டி
காலி லாரி.
திரை காட்டியது இருபத்தொரு டன் நானூறு கிலோ.
"உள்ள என்னத்த ஏத்தியிருக்கேன், ஆவியையா?"
காத்தலிங்கம் இறங்கி வந்து கதவை அறைந்ததை
சவரிமுத்துவின் போனில் நானும் கேட்டேன்.

அது நேற்று ராத்திரி எடை.
ஆத்தங்குடிக்குப் போன மணல்.
மணல் போய்ச் சேர்ந்து, இந்நேரம் சலித்தும் இருப்பார்கள்.
எண் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

எழுதியவள் நான். சி மொழியில், இரண்டு நிரல்கள்:
ஒன்று மேடையைக் கேட்டு எடையை எழுதும்,
மற்றது அதைப் பார்த்துத் திரையிடும், ரசீது அடிக்கும்.
இரண்டுக்கும் பொதுவாக
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் நினைவகம்.
மூன்று வருடம் விண்டோஸில் ஓடியது.
போன மாதம் அடைக்கப்பன் லைசென்ஸ் காசை மிச்சம் பிடிக்க
லினக்ஸுக்கு மாற்றச் சொன்னார்.
"எங்கயும் ஓடும்னியே."
ஓடுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது.

முந்தைய ஊரில் வழக்கம் வேறு:
கடைசி ஆள் கையை எடுத்ததும் இடமே இல்லாமல் போகும்.
இங்கே யாரும் இல்லாவிட்டாலும் இருக்கும்,
பெயர் சொல்லி ஒருவர் அழிக்கும்வரை,
அல்லது பெட்டியையே அணைக்கும்வரை.
கானாடுகாத்தானிலிருந்து பள்ளத்தூர் வழியாக
வண்டியில் வரும்போது எண்ணினேன்,
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள்.
ஒன்பது. ஒன்றிலும் ஆள் இல்லை.
ஒன்றும் காலியும் இல்லை.

அடைக்கப்பன் வீடு அதில் நாலாவது. பதினோரு புள்ளி.
படைப்புக்கு எல்லோரும் வந்து நின்ற வருடம்
நடுக்கதவுச் சாவி கிள்ளானில் இருந்தது.
வைத்திருந்தவர் அங்கே இறந்து ஆறு வாரம்,
யாருக்கும் தகவல் இல்லை.
"இந்தா வந்துருவாக" என்று
மதியம்வரை நின்றார்களாம், வாழை இலைக்கட்டோடு.

என் நிரலும் அப்படித்தான் நின்றிருந்தது.
எடை எழுதுகிறவன் பூட்டை எடுத்த அந்த நொடியில்
சவரிமுத்து சன்னலை மூடி வீட்டுக்குப் போய்விட்டான்.
காலையில் புதிதாகப் பிறந்தவன்
செத்தவன் கையிலிருந்த பூட்டுக்குக் காத்திருந்தான்.
திரைக்காரனோ பூட்டைக் கேட்கவே இல்லை.
வெறுமனே பார்ப்பதற்கு எதற்குப் பூட்டு என்று
குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், தேதியோடு.

வழி உண்டு. பூட்டை உருவாக்கும்போதே
ஒரு சொல் சேர்க்க வேண்டும். பிறகு கேட்டால்
காக்க வைக்காது, ஒரு எண்ணைத் திருப்பித் தரும்.
கையேட்டில் அந்த எண்ணுக்குப் பெயர்:
உடையவர் இறந்தார்.
பூட்டு இனி உன் கையில்.
உள்ளே எதை எந்தக் கோலத்தில் விட்டுப்போனாரோ,
பார்த்து, சரிசெய்து, சரி என்று நீ சொல்ல வேண்டும்.
சொல்லாமல் விட்டால் அப்புறம் எவராலும் திறக்க முடியாது.

அந்தப் பெயரை இரண்டு முறை படித்தேன்.
கிள்ளானிலிருந்து அந்த ஒரு எண்ணை
யாராவது அனுப்பியிருக்கலாம்.

உள்ளே பார்த்தேன். பாயிண்டர் எதுவும் இல்லை, நல்லவேளை.
அது முதல் வருடத்து அடி:
ஒருவன் "என் கைக்கு இடப்பக்கம்" என்று எழுதியதை
இன்னொருவன் தன் இடப்பக்கம் தேடிப்போய் விழுந்தான்.
அன்றிலிருந்து எல்லாம்
நிலைவாசலிலிருந்து இத்தனை அடி என்றுதான்.

எடையைச் சுழியமாக்கினேன். சரி என்றேன்.
எட்டு டன் நூற்று நாற்பது என்றது திரை.
காத்தலிங்கம் பழைய ரசீதைத் திருப்பித் தரவில்லை.
"இருக்கட்டும். பதிமூணு டன் ஆவிக்கு அத்தாட்சி."

கடைசியாகப் போகிறவர் அழித்துவிட்டுப் போகட்டும் என்று
எழுதத் தொடங்கினேன்.
தான்தான் கடைசி என்று அவருக்கு யார் சொல்வது?
தலைக்கணக்கு வைக்கலாம்.
கணக்கில் தன்னைக் கழிக்காமல் செத்தவர்?
அடித்துவிட்டு, முதலில் வருகிறவர் துடைக்கட்டும் என்றேன்.
இரண்டு பேர் சேர்ந்து வந்தால்?

கல் ஏற்றிய வண்டி ஒன்று மேடை ஏறி ஹாரன் அடித்தது.
பாதி வரியோடு சேமித்தேன்.