பைட்

செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி மூட்டைகள் நனைந்த மழையன்று
முதன்முதலாய் மைக் பிடித்தேன்.
மைக் தலையில் சேனல் பெயர்,
தெர்மாகோலில் வெட்டி ஒட்டியது.
கடைசி எழுத்து ஊறி விழுந்தது.
"பரவால்ல, மிச்சத்தை ஊரே படிச்சுக்கும்" என்றார் அல்லிமுத்து,
கேமராவுக்கு மட்டும் குடை பிடித்தபடி.

ஒரு செய்திக்கு எழுபத்தைந்து ரூபாய்.
சென்னைக்காரர்கள் எடுத்துக்கொண்டால் முந்நூறு.
ராத்திரி ஜங்ஷனில்
ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறுகிறவர்களில்
நல்ல முகமாய்ப் பார்த்துக் கேசட்டைக் கொடுத்தனுப்புவேன்.
ஒரே ஒரு முகம்தான் ஏமாற்றியது.
கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த முகம்.

'ஒளிப்பதிவாளர் அல்லிமுத்துவுடன்
செய்தியாளர் தாட்சாயணி.'
தினம் இரண்டு வேளை இதைச் சொன்னதில்
கொத்தமல்லிக் கட்டு வாங்கப் போனாலும்
"ஏனுங்க, அவரு வரலீங்களா?" என்கிறார்கள்.
சூரமங்கலத்தில் பாதிப் பேருக்கு
என் புருஷன் பெயர் அல்லிமுத்து.
புருஷனுக்கும் பழகிவிட்டது.

ஏற்காட்டுக்கு நான் ஏறியது மூன்றே காரணத்துக்கு:
கோடைவிழா, மண்சரிவு, கவிழ்ந்த வேன்.
பதினேழாவது வளைவென்றால் எனக்குத் திருச்செங்கோட்டுக் கல்யாண கோஷ்டி.
ஒன்பதென்றால் பால்வண்டி.
ஏரிக்கரையில் நின்று
'சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர்' என்று வருடாவருடம் சொல்லியிருக்கிறேன்.
படகில் ஏறியதில்லை.

அழுகிறவர்களின் வாய்க்கு
ஒரு சாண் கீழே பிடிக்க வேண்டும் மைக்கை.
நெருங்கினால் ஒலி உடையும்.
பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் ஒருத்தி
அதைத் தட்டிவிட்டாள்.
தட்டிவிட்டதைத்தான் மூன்று முறை போட்டார்கள்.
எனக்கு அப்போது ஏழாம் மாதம்.
ஃபிரேமை நெஞ்சோடு நிறுத்திக்கொண்டார் அல்லிமுத்து.

போன ஆடியில், கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரலை முடிந்து
வயர் சுற்றிக்கொண்டிருக்கையில் வந்தார் பொன்னுரங்கம்.
கொலுசுப் பட்டறைக்காரர்,
நகக்கண்ணில் வெள்ளிப் பொடி.
"பேட்டியெல்லாம் வேண்டாங்க.
பதினாலு வருசம் முன்னால அம்மாப்பேட்டைல காலிக்குடத்தோட மறியல் பண்ணாங்களே,
பச்சைப் பூனம் சேலை,
என் வீட்டுக்காரி கோமளா,
உங்ககிட்டத்தான் பேசுனா.
போட்டோ நெறைய இருக்குதுங்க.
குரல்தான் இல்ல."

கோமளா செத்தது மஞ்சள் காமாலையில்.
அது செய்தியில்லை.

கேசட் விலைக்குப் பயந்து
ஒன்றின்மேல் ஒன்றாய்ப் பதிந்த காலம் அது.
அலமாரியில் தேடி இரண்டு நாள் தும்மினேன்.
ஒரு லேபிளில் 'மறியல்' அடித்து 'மலர்க் கண்காட்சி'.
பழைய கேமராவில் போட்டு ஓட்டினோம்.
ரோஜாவில் செய்த மயில்.
ரோஜாவில் செய்த ஒட்டகம்.
ஆட்சியர் கைதட்டினார்.
நாற்பத்தோராம் நிமிடம்
திரை கிழிந்து வெள்ளைப் புள்ளிகள் கொட்டி
நடுவில் ஒரு பச்சைச் சேலை.

பேசி முடித்திருந்தாள்.
தண்ணீரைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம்
ஒட்டகம் குடித்துவிட்டது.
குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டே கேட்கிறாள்,
"சரியா பேசுனனா?
இன்னொருக்கா சொல்லட்டா?"
ஃபிரேமுக்கு வெளியே ஒரு குரல்,
"போதும்மா, போதும்."
அதோடு கறுப்பு.

"இன்னொருக்கா போடுங்க" என்றார்.
போட்டேன்.
எத்தனை தடவை என்று எண்ணவில்லை.
பிறகு திரையைப் பார்த்தபடியே கேட்டார்,
"அந்தப் போதும்மா, நீங்களா?"
"ஆமாங்க.
அதை வெட்டிட்டுத் தர்றேன்."
"வேண்டாங்க," என்றார்,
"அவ யாருகிட்டக் கேட்டாள்னு தெரியணுமில்ல."

பென் டிரைவில் ஒன்பது விநாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே
போனில் அல்லிமுத்து:
ஐந்து ரோட்டில் டேங்கர் லாரி கவிழ்ந்து கெடக்குது,
டீசல் இல்ல, தண்ணிதான்,
சனம் குடத்தோட ஓடுது,
சீக்கிரம் வா.