அரை அட்டை

ருஸ்தாவி. விடிய விடியத் திறந்திருக்கும் மருந்துக்கடை.
இரண்டு மணிக்கு மேல் இருமல்காரர்களும் வருவதில்லை.
மக்வாலா கல்லாவுக்கடியிலிருந்து புத்தகத்தை எடுக்கிறாள்:

*ஒரு முழு எண். எது அது?*
*ஒன்று: அதன் வர்க்கம் இரண்டைவிடப் பெரிது, எட்டைவிடச் சிறிது.*
*இரண்டு: அந்த எண் கழித்தல் இரண்டைவிடப் பெரிது.*

போன வாரம் இங்கேதான் வழுக்கினாள்.
நடுவில் ஐந்தும் உண்டே என்று
ஐந்தின் வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்டி
ரசீதுத்தாள் தீர்ந்தது.
இன்று கண்ணில் படுகிறது
‘முழு’ என்ற இரண்டெழுத்து.
தசமக் கூட்டத்தையெல்லாம் அது வாசலிலேயே நிறுத்திவிட,
நான்கு மட்டும் உள்ளே வருகிறது.
அதற்கு வேர் இரண்டு;
ஒன்று பூஜ்ஜியத்துக்குக் கீழே, குளிரில்.
அதைக் கழித்துக்கட்ட இரண்டாம் வாக்கியம் வேண்டும்.

சேர்த்தால் போதும். மூன்றாவது கட்டம்.

செல்பேசி அதிர்கிறது. கிராகோவிலிருந்து ஸாஸா:
“ஈஸ்டருக்கு முன்னால் வர முடியாது.”
செப்டம்பரில் சொன்னது:
“காலத்துக்கும் இங்கேயே கிடந்துவிட மாட்டேன்.”

நாள் என்பது முழு எண்தான்.
கீழே ஒரு வேலி இருக்கிறது;
மேலே முடிவு உண்டு என்கிறான், எங்கே என்று இல்லை.
ஐந்தாவது கட்டத்தை இதுவரை அவள் தொட்டதேயில்லை,
தெரியாதவர்கள் ஒதுங்கும் இடமென்று.
*இரண்டும் சேர்ந்தும் போதாது.*
அதற்கும் முழு மதிப்பெண்ணாம்.

பதில் எழுதத் தொடங்குகையில்
கண்ணாடியைத் தட்டுகிறார் ஒருவர்,
இரவு உடைக்கு மேல் கோட்டு.
தலைவலி மாத்திரை.

“முழு அட்டையா?”

“அரை போதும்.”

கத்தரிக்கோலைத் தேடுகிறாள்.