இருபத்திரெண்டாயிரம்

வீடு வீடாய் கரண்ட் மீட்டர் வாசிக்கிறவன்.
எண்ணைப் பார்த்துக் கை நடுங்கியதில்லை,
ஹைகிரவுண்ட் லேப் ஜன்னலுக்கு வரும்வரை.
போன மாசம் பிளேட்லெட் நாலாயிரம்.

அன்றைக்கு டாக்டர் கேட்டார்,
தினம் எத்தனை நாப்கின் என்று.
நீ சுவரைப் பார்த்தாய், ஷெரின்.
பதினாலு என்றேன்.
கடையில் வாங்கினது நான்தானே.

மாத்திரையில் முகம் ஊதிவிட்டது.
கபடி கூடாது என்றதற்கு
மூன்று நாள் பேசவில்லை நீ.
முழங்கையில் நேற்றில்லாத நீலம்.
"எங்கட்டி இடிச்ச?"
"சும்மா இருங்கப்பா."

இன்று இருபத்திரெண்டாயிரம்.
போதாது என்கிறார்கள்.
திசையன்விளை பஸ் ஏறப் போதும் எனக்கு.

சமாதானபுரத்தில் கூட்டம் ஏற,
முதுகை அவர்களுக்குக் கொடுத்து
உன் பக்கம் திரும்பி உட்கார்கிறேன்.
தூங்கிவிட்டாய்.
பள்ளத்துக்குப் பள்ளம்
ஜன்னல் கம்பிக்கும் உன் நெற்றிக்கும் நடுவே
என் கை.