மூன்று வால்

ஞாயிறு காலை, ஹேக்பிரிட்ஜ் பாலத்துக்குக் கீழே
முழங்கால் ஆழ வாண்டில் ஆற்றில் நின்று
மூன்று நிமிடம் கூழாங்கல்லை உதைப்பேன்.
கலங்கி வருவதை வலை வாங்கிக்கொள்ளும்.
கரையில் ரஃபெர்ட்டி கடிகாரம் பார்ப்பான்.
பிளம்பர். நான் நனைவேன், அவன் குளிரைத் திட்டுவான்.

வெள்ளைத் தட்டில் கவிழ்த்தால் ஊர் தெரியும்.
மீன்குஞ்சாய் வெட்டி வெட்டி நீந்துகிற ஒரு குடும்பம்.
கல்லோடு கல்லாய்த் தட்டையாக ஒட்டி
வெள்ளத்தை முதுகின்மேல் போகவிடுகிற இன்னொன்று.
பாசிக்குள் சோம்பி ஊரும் தடியர்கள்.
வண்டலில் வளை தோண்டி
இரண்டு வருடம் வெளிச்சமே வேண்டாமென்று இருப்பவர்கள்.
எல்லாருக்கும் விலாவில் செவுள் படபடக்கும்,
எல்லாருக்கும் மூன்று வால்.

ஈசலா, என்று போனில் கேட்டாள் அக்கா.
இல்லை, ஈசலுக்கு மண். இதற்குத் தண்ணீர்.
பெயர்? பெயர் தெரியாது,
எண்ணிக்கை தெரியும்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
வாரம் ஐந்து நாள் வெள்ளணு எண்ணுகிற கண் இது.
அக்டோபரில் நூற்றுப் பன்னிரண்டு.
ஜனவரியில் நாற்பது.
மார்ச்சில் தட்டையன் ஒன்றுகூட இல்லை.
தட்டில் இரண்டு அட்டை, ஒரு நத்தை,
குனிந்திருந்த என் முகம்.

கரையில் நீட்டிக்கொண்டிருந்த மழைநீர்க் குழாயை
ரஃபெர்ட்டி மோந்து பார்த்தான்.
"எவனோ வாஷிங் மெஷினை இதில் மாட்டியிருக்கிறான்.
லாவெண்டர்."

வீடு வீடாகப் போய்ப் பச்சைச் சாயம் ஊற்றினோம்.
முப்பத்தொன்று. முப்பத்துமூன்று. ஆறு அசையவில்லை.
முப்பத்தைந்து நான்.
அக்டோபர் கடைசியில் குடிவந்தது,
ஆறு பக்கத்தில் என்பதற்காகவே
கூட எட்டாயிரம் பவுண்டு கொடுத்து.
சாயத்தைப் போட்டு மெஷினைச் சுழலவிட்டு
சமையலறையில் நின்றேன்,
போனை மேசையில் கவிழ்த்து வைத்து.

அடித்தது.
"பச்சை," என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "கிளிப்பச்சை."

சனிக்கிழமைதோறும் நான்கு நீலச் சீருடை.
மறுநாள் காலை வலையோடு போயிருக்கிறேன்.

குழாயை மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது.
கூலி வேண்டாம் என்றான், தேநீர் மூன்று குடித்தான்.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில்
வீட்டு எண்ணை எழுதினேன்.
அடித்து, என் பெயரை எழுதினேன்.

அடுத்த வருடம், மே.
கொடியில் காய்ந்த சீருடையின் காலரில்
ஒன்று வந்து உட்கார்ந்தது, புகைபிடித்த சிறகோடு.
சிறகு வந்த பிறகும் ஒருமுறை தோலுரிப்பது
பூச்சிகளில் இது மட்டும்தான்.
உரித்தது. கண்ணாடியாயிற்று.
உண்ண வாயில்லை அதற்கு,
கேட்கவும் இல்லை.
ஆற்றுப் பக்கம் போயிற்று.
இருட்டுவதற்குள் அதற்கு வேலை இருந்தது.

காலரில் உரித்த தோல்.
கிட்டே போய் எண்ணினேன். மூன்று.
திங்கட்கிழமை
வேறு சீருடை போட்டுக்கொண்டு போனேன்.