பார் ஐஸ்

காசிமேட்டில் காலை நாலரை.
லாரியின் பின்கதவு திறக்க, சரிவுப் பலகையில்
வழுக்கி இறங்குகிறது பார் ஐஸ்,
ஒன்றின் முதுகில் ஒன்று இடித்து.
எனக்கு எழுதித் தந்த விலாசம் இவ்வளவுதான்:
ஏலக்கூடம் பக்கத்துல, கேட்டா சொல்லுவாங்க.

கேட்டேன். சொன்னார்கள்.
எபினேசர். எபினேசரைத்தான் நீங்க பாக்கணும்.
டீக்கடையில் சொன்னார்கள், வலை பிரிப்பவர் சொன்னார்,
ஐஸ் அரைக்கிற மெஷின்காரர்
மெஷினை நிறுத்திவிட்டே வந்து சொன்னார்.

ஈரத் தரை. செதில், உப்பு, உருகின தண்ணீர்.
ஏழு பையன்கள், ரப்பர் செருப்பு,
கையில் பெட்டிச் சட்டம், பிளாஸ்டிக் பைப்பு,
ஒருத்தனிடம் துடைப்பக்கட்டை.
பாரிலிருந்து தெறித்த உள்ளங்கையளவுத் துண்டுதான் பக்.
அது கரையும்வரை ஆட்டம். விசில் கிடையாது.
கோலுக்குப் பின்னால் சாக்கடை,
தவறவிட்டவனே இறங்கவேண்டும்.

படிவத்தில் இந்த விளையாட்டின் பெயர்
பனிக்கட்டி ஹாக்கி.
இங்கே பனி என்பது
மார்கழியில் தலைக்குத் துண்டு கட்டவைப்பது. அவ்வளவே.

எபினேசர் வேகம்தான், மறுக்கவில்லை.
அவன் திரும்பினால் தண்ணீர் விசிறியாக எழுகிறது.
வேகம் ஒன்பது. கை எட்டு.
நாலு கோல் போட்டான்,
நாலு முறையும் என்னைப் பார்த்தான்.

பதினெட்டு வருஷமாக நான் பார்ப்பது வேறு:
பறிகொடுத்த மறுநொடி.
சிலர் கையை விரிப்பார்கள்.
சிலர் தரையைத் திட்டுவார்கள்.
சிலருக்குச் சரியாக அப்போதுதான் செருப்பு வார் அறுந்துபோகும்.
துடைப்பக்கட்டைக்காரன்
தொலைத்த மூச்சு முடிவதற்குள் திரும்பிவிட்டிருந்தான்.
பக் சுண்டைக்காயாகி, மிளகாகி,
இல்லாமலும் போனது. ஆறு பேர் நின்றார்கள்.
அவன் ஈரத்தைத் துரத்திக்கொண்டு
இன்னும் மூன்றடி போனான்.

பேர்? குகன்.
பிறந்த மாதம்? ஜூன்.
விசாரித்தால் ஏழு பேருக்கும் ஜூன்.
ஜனவரிப் பிள்ளைக்கு டிசம்பர்ப் பிள்ளையைவிட
ஒரு வருஷ எலும்பு கூடுதல் என்று
எங்களுக்கு வகுப்பே எடுத்தார்கள்.
அட்மிஷன் போட்ட டீச்சர் அந்த வகுப்புக்கு வரவில்லை.

தகப்பனார் உயரம்?
எவ்வளவு வளர்வான் என்று கணக்குப் போட.
பையன் என் பேனாவையே பார்த்தான்.
நண்டுக்கூடையை இறக்கிவிட்டு அவன் அம்மா
லாரிக் கதவில் முதுகை ஒட்டி நிமிர்ந்தாள்.
"என்னிய அளந்துக்க சார்.
அந்தாளு கணக்கு இதுல வேணாம்."
நூற்று அறுபத்தெட்டு. செருப்பில்லாமல்.

"நாட்டுக்கே ஆடுவான்மா" என்றேன்.
"ஐஸ் வைக்காத சார்" என்றாள்.
மெஷின்காரர் சிரித்த சிரிப்பில்
அடுத்த பார் கைநழுவித் தரையில் உடைந்தது.

போன வருஷம் கொருக்குப்பேட்டையிலிருந்து
ஒருத்தனைக் கூட்டிப்போனேன். பதினோராயிரம் அடி.
மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம்.
திரும்பும் ரயிலில் விஜயவாடா தாண்டும்வரை
பேசவேயில்லை. இப்போது ஏசி மெக்கானிக்.
வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறான்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இருப்பது ஒரு வரி.
பேனாவைத் திறந்தேன்.
மூச்சிரைக்க எபினேசர் வந்து நின்றான்,
இரண்டு கையிலும் ஏந்தி
ஒரு சாப்பாட்டுத் தட்டளவு ஐஸ்.
"இன்னொரு ஆட்டம் பாருங்க சார்.
இது சீக்கிரம் கரையாது."

ஆறு மணிக்கு எனக்கு பஸ்.
கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டி ஒன்று கிடந்தது.
உட்கார்ந்தேன்.